ரயில் பின்னணியில் போர்ட்ரெய்ட்: பாதுகாப்பான இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

திருமணத்துக்கு முந்தைய படங்களுக்கும் பட்டமளிப்புப் படங்களுக்கும் ரயில் பின்னணி வேண்டும் என்று கேட்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறார்கள். கேட்பவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே காட்சிதான்: தூரத்தில் ஒரு புள்ளியில் சேரும் இரண்டு தண்டவாளங்கள், அவற்றின் நடுவே நடந்து வரும் மனிதர். அந்தப் படத்தை ஓடும் பாதையில் நான் எடுப்பதில்லை. "ஐந்தே நிமிடம்தான்" என்று எவ்வளவு கேட்டாலும் எடுப்பதில்லை. அதே உணர்வைத் தரக்கூடிய, ரயில் வரவே வாய்ப்பில்லாத இடங்களைத் தேடிப் பிடிக்க நான் பின்பற்றும் முறையை, புதிதாக காமிரா வாங்கியவருக்கும் புரியும் வகையில் கீழே எழுதியிருக்கிறேன். காமிராவைக் கையாளும் அடிப்படைகள் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் சில எண்களை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் முப்பது மீட்டர் கடக்கிறது. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் தடம் போன்றவற்றில் வேகம் 130 வரை போகும். அவசர பிரேக் போட்டாலும் முழு நீள விரைவு வண்டி நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆகும். வளைவுக்கு அப்பால் முந்நூறு மீட்டரில் வண்டி கண்ணில் பட்டால், உங்களிடம் இருப்பது பத்து வினாடி. ஓட்டுநர் உங்களைப் பார்த்துவிட்டாலும் அவரால் செய்யக்கூடியது ஹாரன் அடிப்பது மட்டுமே. அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1,676 மில்லிமீட்டர். பெட்டியின் அகலமோ 3.25 மீட்டர் அளவில் இருக்கிறது. எனவே தண்டவாளத்தை விட்டு இறங்கிப் பக்கத்து ஜல்லியில் நிற்பவரையும் பெட்டியின் ஓரம் தொட்டுவிடும். மேலே செல்லும் மின்கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. அதைத் தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே போதும். ரிஃப்ளெக்டரையோ லைட் ஸ்டாண்டையோ உயர்த்திப் பிடிக்கும் உதவியாளருக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு உண்மையான கவலை.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 147ஆம் பிரிவின்படி, உரிமையில்லாமல் ரயில்வே எல்லைக்குள் நுழைவது ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். படிக்கட்டில் தொங்கியபடி எடுக்கும் படத்துக்கு 156ஆம் பிரிவு இருக்கிறது.

படி 1: எந்த "ரயில்" வேண்டும் என்று கேளுங்கள்

இடம் தேடுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்பவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எஞ்சினின் கனமான இரும்பு வேண்டுமா, பெட்டியின் ஜன்னல் வேண்டுமா, பழைய நிலையக் கட்டடத்தின் வளைவுகள் வேண்டுமா, அல்லது அந்தத் தண்டவாளக் கோடுகள்தான் வேண்டுமா என்று பிரித்துக் கேட்டால், பத்தில் எட்டுப் பேருக்குத் தண்டவாளமே தேவைப்படுவதில்லை என்பது என் அனுபவம். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இருக்கும் ஒரு முகம், தண்டவாளத்தில் நிற்கும் முழு உருவத்தைவிட ரயில் பயணத்தை அதிகமாக நினைவூட்டுகிறது.

படி 2: வண்டி ஓடாத இடங்களின் பட்டியலைப் போடுங்கள்

என் பட்டியலில் முதலிடம் ரயில் அருங்காட்சியகங்களுக்கு. சென்னையில் இருப்பவர்களுக்குப் பெரம்பூர், வில்லிவாக்கம் பகுதியில், ஐ.சி.எஃப். என்னும் ரயில் பெட்டித் தொழிற்சாலை வளாகத்தை ஒட்டி 2002இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. நீலகிரி மலைப்பாதையில் ஓடிய எஞ்சினும், பழைய பெட்டிகளும், நீராவிக் கால இயந்திரங்களும் திறந்த வெளியில் மரநிழலில் நிற்கின்றன. அவை நிற்பதும் உண்மையான தண்டவாளத்தின் மீதுதான். ஆகவே கோடுகள் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கும் அங்கே வழி உண்டு. திருச்சியில் சந்திப்பு நிலையத்துக்கு அருகில் 2014இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் சிறியது, ஆனால் கூட்டம் குறைவு என்பதால் போர்ட்ரெய்ட்டுக்கு எனக்கு அதுவே பிடிக்கும். மைசூருக்குப் போகக்கூடியவர்கள் அங்குள்ள ரயில் அருங்காட்சியகத்தைத் தவறவிட வேண்டாம். பழைய மரப்பெட்டிகள் அழகானவை.

அருங்காட்சியகத்தில் ஒரு சிக்கல் நேரம். பெரும்பாலும் காலை பத்து மணியளவில்தான் கதவு திறக்கிறது. அதற்குள் வெயில் உச்சி நோக்கிப் போய்விடும், கண்களின் கீழ் கறுப்பு நிழல் விழும். நான் அந்த நேரத்தில் வெளியே படமே எடுப்பதில்லை. இரண்டு பெட்டிகளுக்கு இடையிலுள்ள சந்திலோ, எஞ்சினின் வடக்குப் பக்க நிழலிலோ ஆளை நிறுத்தி, எதிர்ப்பக்கத் தரையில் படும் வெயிலே மெதுவாக முகத்துக்குத் திரும்பும்படி பார்த்துக்கொள்வேன். மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை வெளிப்புறப் படங்களுக்கு ஒதுக்குங்கள். வார விடுமுறை எந்த நாள் என்பதையும் காமிராவுக்கான கட்டணத்தையும் முன்தினமே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். சாதாரணப் பார்வையாளருக்கும் திருமணப் படப்பிடிப்புக்கும் ஒரே கட்டணமாக இருக்காது.

உடை பற்றி ஒரு வார்த்தை: எஞ்சினின் இணைப்புத் தண்டுகளிலும் சக்கர அச்சுகளிலும் துருப்பிடிக்காமலிருக்கத் தடவும் கிரீஸ், பட்டுப் புடவையில் ஒட்டினால் சலவைக்காரரும் கைவிரித்துவிடுவார். சாய்வதற்கு முன் ஒரு பழைய வெள்ளைத் துணியால் அந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள். பிற்பகலில் இரும்பு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பல நிலையங்களின் முகப்பிலும் ரயில்வே அலுவலக வளாகங்களிலும் பழைய எஞ்சின்களை மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். சில ஊர்களில் பழைய பெட்டியை நிலையத்துக்கு வெளியே உணவகமாக மாற்றியிருக்கிறார்கள். உரிமையாளரிடம் கேட்டு, கூட்டமில்லாத நேரத்தில் ஜன்னலோர மேசையில் எடுக்கும் படம் மிக நன்றாக வரும்.

உண்மையிலேயே இறந்துபோன பாதை வேண்டும் என்றால் தனுஷ்கோடி இருக்கிறது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் வண்டி கடலுக்குப் போனது. அதன் பிறகு அந்த ஊருக்கு ரயில் வரவே இல்லை. நிலையத்தின் சிதைந்த சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. அங்கே படம் எடுக்கலாம்; ஆனால் அந்த வண்டியில் இருந்த அத்தனை பேரும் மாண்ட இடம் அது என்பதை உணர்ந்து, ஆடம்பரமான புகைக்குண்டுகளும் கூச்சலும் இல்லாமல் எடுக்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சுவர்கள் பலவீனமானவை, அவற்றின் மீது யாரையும் ஏற்றாதீர்கள்.

படி 3: "கைவிடப்பட்ட பாதை" என்று சொன்னால் நம்பாதீர்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இதுதான், ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். "எங்கள் ஊரில் ஒரு பழைய லைன் இருக்கிறது, அதில் ரயிலே வராது" என்று யாராவது சொல்வார்கள். போய்ப் பார்த்தால் புல் முளைத்திருக்கும், தண்டவாளம் துருப்பிடித்திருக்கும். இந்த இரண்டு அடையாளங்களும் எதையும் நிரூபிப்பதில்லை. நெல் கிடங்குக்கோ சிமெண்ட் ஆலைக்கோ செல்லும் கிளைப்பாதையில் வாரத்துக்கு ஒரு சரக்கு வண்டிதான் வரும். நம் ஊர் ஈரக்காற்றில் அதற்குள் தண்டவாளத்தின் தலைப்பகுதியில் மெல்லிய செந்நிறத் துரு படர்ந்துவிடும்.

நான் பார்ப்பது வேறு. பொதுச் சாலையில் நின்றபடியே, பாதைக்குள் கால் வைக்காமல், கிளைப்பாதை முதன்மைப் பாதையிலிருந்து பிரியும் இடத்தைக் கவனிக்கிறேன். அங்கே நகரும் தண்டவாளத்தின் அடியில் இரும்புத் தகடுகள் இருக்கும். அவற்றில் ஈரமான கறுப்பு எண்ணெய் மின்னினால், அந்தப் பாதையை யாரோ பராமரிக்கிறார்கள், ஆகவே வண்டி வரும். தகடு காய்ந்து, மண் மூடி, நகரும் தண்டவாளம் ஆணி அடித்துப் பூட்டப்பட்டிருந்தாலும் என் முடிவு "இன்னும் தெரியாது" என்பதுதான். இணைப்பே துண்டிக்கப்பட்டு, நடுவில் சில மீட்டர் தண்டவாளம் எடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே அடுத்த கேள்விக்குப் போகிறேன்: அந்த நிலம் யாருடையது? வண்டி நின்றுபோன பாதையின் நிலமும் பெரும்பாலும் ரயில்வேயுடையதாகவே இருக்கும். 147ஆம் பிரிவு அங்கேயும் பொருந்தும்.

நின்றுபோன பாதை திரும்பவும் உயிர்பெறும் என்பதற்கு மதுரை–போடி பாதையே சாட்சி. மீட்டர்கேஜ் வண்டிகள் 2010இன் இறுதியில் நின்றன. அகலப்பாதையாக மாற்றிய பின் தேனி வரை 2022 மே மாதத்திலும், போடி வரை 2023 ஜூன் மாதத்திலும் பயணி வண்டிகள் ஓடத் தொடங்கின. இடைப்பட்ட ஆண்டுகளில் ஜல்லி ஏற்றிய வண்டிகளும் சோதனை எஞ்சின்களும் எந்த அட்டவணையிலும் இல்லாமல் வந்து போயின. "பத்து வருடமாக வண்டி இல்லை" என்ற நினைப்போடு அங்கே நின்றவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள்.

இதையே செயலிகளுக்கும் சொல்கிறேன். ரயில் எங்கே வருகிறது என்று காட்டும் செயலிகள் பயணி வண்டிகளைத்தான் காட்டுகின்றன. சரக்கு வண்டி, தனி எஞ்சின், மின்கம்பி பழுதுபார்க்கும் வண்டி ஆகியவை அவற்றில் வராது. "அடுத்த வண்டி நாற்பது நிமிடம் கழித்து" என்று திரை காட்டுவதை வைத்துப் பாதையில் இறங்குபவர்கள் பலர். அந்தச் செயலி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. வீட்டிலிருந்தபடி இடம் தேட நான் பயன்படுத்துவது கூகுள் மேப்பின் செயற்கைக்கோள் காட்சியும் ஓப்பன்ரயில்வேமேப்பும். இரண்டாவது, கைவிடப்பட்ட பாதைகளைத் தனி நிறத்தில் காட்டுவதால் தேடலைத் தொடங்க உதவும். தன்னார்வலர்கள் தொகுக்கும் தகவல் என்பதால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 4: அனுமதி

நடைமேடைச் சீட்டு என்பது ஒருவரை வழியனுப்பவோ வரவேற்கவோ இரண்டு மணி நேரம் உள்ளே இருப்பதற்கானது. நண்பரைக் கைபேசியில் ஒரு படம் எடுப்பது வேறு. டிரைபாட், விளக்கு, உடை மாற்றும் பை என்று வந்தாலே அது படப்பிடிப்பு. அதற்கு நிலையம் அமைந்துள்ள ரயில்வே கோட்டத்தின் அலுவலகத்தை எழுத்து மூலம் அணுக வேண்டும். யாருக்கு எழுத வேண்டும் என்பதை நிலைய மேலாளரே சொல்வார். கடிதத்தில் தேதி, நேரம், ஆட்களின் எண்ணிக்கை, கருவிகளின் பட்டியல், படத்தின் பயன் ஆகியவற்றை எழுதுங்கள். டிரோன் பற்றிய பேச்சையே நான் எடுப்பதில்லை. எழும்பூர் போலப் புதுப்பிப்புப் பணி நடக்கும் நிலையங்களைத் தற்போதைக்குத் தள்ளிவையுங்கள். அனுமதி கிடைத்தாலும் நடைமேடையின் மஞ்சள் கோட்டைத் தாண்டாமல், தண்டவாளத்தை விட்டு விலகிய பக்கம்தான் உங்கள் எல்லை. படம் எடுக்கப்படுபவர் மட்டுமல்ல, பின்னால் நகர்ந்துகொண்டே போகும் புகைப்படக்காரரும் அதை நினைவில் வைக்க வேண்டும்.

படி 5: லென்ஸ்

முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) காமிராவுக்கு 85 மி.மீ., சிறு சென்சார் காமிராவுக்கு 50 மி.மீ. எஃப் 1.8. இதைத் தாண்டி எதுவும் வாங்க வேண்டியதில்லை. அகலக்கோண லென்ஸ் இரும்பின் அருகே முகத்தை இழுத்துச் சிதைக்கிறது, அதோடு வேலியையும் தகவல் பலகையையும் உள்ளே கொண்டுவருகிறது. 85இல் எஞ்சினின் ஒரு சக்கரமும் முகமும் மட்டும் இருந்தால் போதும். ஃபிளாஷைவிட வெள்ளை ரிஃப்ளெக்டரையே நான் விரும்புகிறேன். பளபளக்கும் வண்ணப்பூச்சில் ஃபிளாஷ் புள்ளியாகத் தெறிக்கும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த சிலர் ஊட்டி மலைப்பாதையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். "மெதுவாகத்தானே வருகிறது" என்பது அவர்கள் வாதம். மேட்டுப்பாளையம்–உதகை பாதை 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது; இன்றும் அன்றாடம் ஓடுகிற பாதை. குகைகளிலும் பாலங்களிலும் ஒதுங்க இடமில்லை. குன்னூர், கேத்தி, லவ்டேல் நிலையங்களின் நடைமேடையிலிருந்து எடுங்கள், நீலநிறப் பெட்டி பின்னணியில் வரும், பாதையில் இறங்காதீர்கள்.

லெவல் கிராசிங் பொதுச் சாலைதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். கடந்து செல்வதற்கு மட்டுமே அது பொது. கேட் திறந்திருக்கும்போதும் அங்கே நின்று படம் எடுக்க முடியாது.

இன்னொருவர், நிலைய மேலாளர் வாய்மொழியாகச் சம்மதித்துவிட்டதால் அது போதுமா என்று கேட்டிருந்தார். போதாது. பணிமாற்றத்தில் அவர் வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்து வருபவருக்கும் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலருக்கும் காட்ட உங்கள் கையில் எதுவும் இருக்காது. அனுமதிக் கடிதத்தின் இரண்டு நகல்களை எடுத்து, ஒன்றை உள்ளே நுழையும்போதே பணியில் இருக்கும் மேலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.