17 லட்சம் பேர் வந்தார்களா? பழைய படைக்கணக்கைச் சோதிப்பது எப்படி

கிமு 480இல் பாரசீக மன்னன் செர்க்சீஸ் கிரேக்கத்தின் மீது படையெடுத்தான். காலாட்படை மட்டும் 17 லட்சம் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அந்தப் போர் நடந்த தெர்மோபைலே கணவாயில் கிரேக்கர்கள் வைத்த கல்வெட்டு 30 லட்சம் என்கிறது, பாரசீக அரண்மனையில் வைத்தியராக இருந்த க்டீசியாஸ் 8 லட்சத்தோடு நிறுத்திக்கொள்கிறார். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கக் கை பரபரக்கும். வேண்டாம், மூன்று தப்புகளின் சராசரியும் தப்புதான்.

முதலில் யார், எப்போது சொன்னது என்று ஒரு தாளில் குறியுங்கள். போர் நடந்தபோது ஹெரோடோட்டஸ் சிறுபிள்ளை, க்டீசியாஸ் அவருக்கும் பிந்தியவர். கல்வெட்டு, செத்த வீரர்களின் பெருமை பாட வைத்தது. அதில் எதிரிகளைக் குறைத்தா எழுதுவார்கள்?

அடுத்து, யாரையெல்லாம் எண்ணினார்கள்? ஹெரோடோட்டஸின் மொத்தம் 52,83,220. சண்டை போடுகிறவர்கள் அதில் பாதிதான், எடுபிடிகளும் அதே அளவு இருப்பார்கள் என்று அவராகவே இரண்டால் பெருக்கிவிட்டார்.

எண்ணிய விதமும் முக்கியம். படை போகும் வழியில் டோரிஸ்கஸ் என்ற இடத்தில் 10,000 பேரை நெருக்கி நிறுத்தி, சுற்றி வேலி போட்டு, அந்தப் பட்டியை 170 தடவை நிரப்பினார்களாம். பாரசீகப் படையில் ஆயிரம் பேருக்கொரு தலைவனும் பத்தாயிரம் பேருக்கொரு தலைவனும் உண்டு. எங்கோ ஆயிரம் பத்தாயிரமாகிவிட்டது என்பது சில ஆய்வாளர்களின் ஊகம். அப்படியானால் 1.7 லட்சம்.

சரி, இனி சோற்றுக்கணக்கு. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கொய்னிக்ஸ் (பழைய கிரேக்கப் படி) கோதுமை, ஏறத்தாழ 800 கிராம். 52 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 4,200 டன், பத்து டன் லாரியில் ஏற்றினால் தினமும் 420 லாரி! ஹெரோடோட்டஸும் இதைப் போட்டுப் பார்த்து 1,10,340 மெடிம்னஸ் என்றார். மெடிம்னஸ் என்பது பெரிய அளவை, ஒன்றுக்கு 48 கொய்னிக்ஸ், நீங்களே வகுத்துப் பாருங்கள், 1,10,067தான் வரும். பாவம், வகுத்தலில் சறுக்கிவிட்டார்.

அப்புறம் சாலை. 17 லட்சம் பேர் நான்கு நான்காக, வரிசைக்கு ஒன்றரை மீட்டர் என்று நடந்தால் நீளம் 640 கிமீ. நாளைக்கு 20 கிமீ என்றால் தலை போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்துத்தான் வால் வரும். 2 லட்சம் பேர் என்றால் 75 கிமீ, நாலு நாள். இங்கே ஏமாறவும் வழி இருக்கிறது: ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கும் ஹெலஸ்பான்ட் நீரிணையின் பாலத்தை ஏழு பகல் ஏழு இரவில் கடந்தார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ், அது மணிக்குச் சுமார் 10,100 பேர், நடக்கக்கூடியதுதான். அதில் தேறிவிட்டது என்று 17 லட்சத்தை நம்பிவிடாதீர்கள், சாலைக்கணக்கில் தோற்ற எண் அது.

கடைசியில் ஒற்றை எண்ணாக எழுத வேண்டாம். 1930இல் பிரிட்டிஷ் தளபதி மாரிஸ், வழியில் கிடைக்கும் தண்ணீரை வைத்து, சுமார் 2.1 லட்சம் பேர் என்றார். என் தாளில் பென்சிலால் ‘1 முதல் 2 லட்சம், கப்பற்படை தனி’ என்றிருக்கிறது.