கேமரா வாங்கிய கையோடு மென்பொருளுக்குப் பணம் கட்டாதீர்கள்

கொடைக்கானலில் புதிதாகக் கேமரா வாங்கிய தம்பிகள் பலரும் முதலில் கேட்பது, “படத்தைத் திருத்த எந்த மென்பொருள் நல்லது, அண்ணா?” என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: உங்கள் கேமரா எழுதும் ரா கோப்பை, அதாவது சென்சார் பதிந்ததைச் சுருக்கிப் படமாக்காமல் வைத்திருக்கும் கோப்பை, அந்த மென்பொருள் திறக்குமா?

கேனான், நிக்கான், சோனி என ஒவ்வொரு நிறுவனமும் ரா கோப்பைத் தன் வழியில் எழுதுகிறது. ஒரே நிறுவனத்தின் புது மாடல் எழுதும் கோப்பைக்கூட முந்தைய மென்பொருள் புரிந்துகொள்ளாமல் போகலாம். நண்பர் தந்த, அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூம் 6-ஐ லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, படம் திறக்கவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. அந்தப் பதிப்புக்கான புதுப்பிப்புகள் 2017-ஓடு நின்றுவிட்டன. அதன் பிறகு வந்த கேமராக்களை அது அறியாது. கேமராவில்தான் கோளாறு என்று நினைத்து, வத்தலக்குண்டு வழியாக மலையிறங்கி மதுரைக் கடைவரை அலைய வேண்டாம். மென்பொருள் நிறுவனத்தின் தளத்தில் ஆதரிக்கப்படும் கேமராக்களின் பட்டியல் இருக்கும். உங்கள் மாடல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டர் மூலம் கோப்பைப் பொதுவான டிஎன்ஜி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்த தவறு, கேமரா நிறுவனமே தரும் மென்பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்காதது. கேனானுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபெஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். மூன்றும் இலவசம். கேமராவின் திரையில் பார்த்த நிறம் கணினியிலும் ஏறக்குறைய அப்படியே வருவது இவற்றில்தான். ரா கோப்பில் நிறம் முடிவாகியிருப்பதில்லை. அதை எப்படிப் படிப்பது என்று ஒவ்வொரு மென்பொருளும் தன் கணக்கில் தீர்மானிக்கிறது. ஊதாவும் நீலமும் கலந்த பூக்களில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். நம் மலையில் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. அடுத்த பருவம் 2030. அதுவரை ஜகரண்டா பூக்கும்போது சோதித்துப் பாருங்கள். ஒரு கொத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு, அதன் படத்தை இரண்டு மென்பொருள்களில் அருகருகே திறங்கள். ஒன்றில் பூ வெறும் நீலமாகலாம், மற்றொன்றில் இளஞ்சிவப்புப் பக்கம் சாயலாம். கண்முன் இருக்கும் பூவுக்கு எது நெருக்கமோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரங்களைவிட இந்தச் சோதனை அதிகம் சொல்லும்.

மூலப்படத்தின்மேலேயே திருத்திச் சேமிப்பதுதான் என்னை மிகவும் வருத்தும் தவறு. பூம்பாறை கிராமத்தை மேலே சாலையோரத்தில் நின்று எடுக்கிறீர்கள்: கீழே படிப்படியாகப் பூண்டு வயல்கள், மேலே வெயில் பட்ட மேகம். வயலுக்கு வெளிச்சம் சரியாக இருந்தால் மேகம் வெள்ளைத் திட்டாகிவிடும். கேமரா சுருக்கித் தரும் ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள்தான். 14 பிட் ரா கோப்பிலோ 16,384. அதனால் ரா கோப்பில், பிரகாசமான பகுதிகளை மாற்றும் ஹைலைட்ஸ் ஸ்லைடரை மெல்லக் கீழிறக்கினால் மேகத்தின் மடிப்புகள் ஒவ்வொன்றாக வெளிவரும். முற்றிலும் வெளுத்துப்போன இடம் மட்டும் எதிலும் மீளாது. ஜேபெக்கைத் திருத்தித் திருத்தி அதே பெயரில் சேமித்தால், சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் போகும்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம்பிடித்துவருகிறது. கண்ணாடித் தகடுகளிலும் பிலிமிலும் பதிந்த பழைய படங்களைப் பத்திரப்படுத்தி வைத்ததால்தான் பின்னாளில் அவற்றை டிஜிட்டலாக்கி, புதிய கேள்விகளோடு மறுபடியும் ஆராய முடிந்தது. உங்கள் ரா கோப்புக்கும் அந்த மரியாதை வேண்டும். லைட்ரூம், டார்க்டேபிள், ராதெரபி போன்றவை மூலத்தைத் தொடாமல் மாற்றங்களைத் தனியே குறித்துவைக்கின்றன. ஆனால் ஒன்று எழுதிய குறிப்பை மற்றொன்று முழுமையாகப் படிக்காது. பல ஆண்டு உழைப்பை நடுவழியில் வேறு மென்பொருளுக்கு மாற்றுவது பெரும்பாடு என்பதால், தேர்வில் அவசரம் கூடாது.

ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளைப் பதிவிறக்கிவிட்டு, அது ரா கோப்பைத் திறக்கவில்லை என்று கைவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். டார்க்டேபிளையோ ராதெரபியையோ கூடவே நிறுவினால் போதும். இவை மூன்றுமே இலவசம்.

வசதிகளின் பட்டியலைப் பார்த்து மயங்குவது இன்னொரு தவறு. பனிமூட்டத்தை ஒரே இழுப்பில் நீக்கும் டீஹேஸ் ஸ்லைடர் விற்பனைக் காணொளிகளில் அற்புதமாகத் தெரியும். தூண் பாறையில் அதை முழுதாக இழுத்தால் பனி அழுக்குச் சாம்பலாகி, பாறையின் ஓரங்கள் கறுத்துவிடும். அந்தப் பனிக்காகத்தானே படமே எடுத்தோம்! வெளிச்சம் குறைந்த சோலைக்குள், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்த படங்களின் புள்ளிகளை நீக்கும் செயற்கை நுண்ணறிவு வசதி உண்மையிலேயே பயனுள்ளது. ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்பில் ஒரு படத்துக்கே பல நிமிடங்கள் பிடிக்கும். சோதனைக் காலத்தில் உங்கள் கணினியில், உங்கள் படத்தை வைத்தே ஓட்டிப் பாருங்கள்.

சந்தா கட்டும்முன் உங்கள் ஊரின் இணைய வேகத்தையும் எண்ணிப்பாருங்கள். இப்போது சந்தாவில் கிடைக்கும் லைட்ரூமில் இரண்டு வகை உண்டு. கிளாசிக் பதிப்பு படங்களை உங்கள் வட்டிலேயே வைத்து வேலை செய்யும்; மற்றதில் நீங்கள் சேர்க்கும் மூலப்படங்கள் இணையச் சேமிப்பகத்துக்கு ஏறும். 24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று 25 எம்பி என்றே வைத்துக்கொண்டாலும், 300 படங்களுக்கு 7.5 ஜிபி ஆகிறது. மலைக்கிராமமான மன்னவனூரில் செல்போன் சிக்னலை நம்பி இதை ஏற்ற நினைப்பது நடக்கிற காரியமல்ல. கிளாசிக்கில் சந்தாவை நிறுத்தினால் படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். திருத்தும் பகுதி மூடிக்கொள்ளும்.

திருட்டுப் பதிப்பு வேண்டவே வேண்டாம். அதோடு வைரஸ் வரலாம்; புது கேமராவுக்கான புதுப்பிப்பும் கிடைக்காது. முதல் சில மாதங்களுக்குக் கேமரா நிறுவனத்தின் இலவச மென்பொருளே போதும். மிச்சமாகும் பணத்தில் வெளிப்புற ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி, மூலப்படங்களை இரண்டிலும் நகலெடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.