குழந்தைக்கு பூஸ்டர் சீட் எப்போ வேணும், எப்படி மாட்டணும்? வேலூர் பக்கத்து பெத்தவங்களுக்கு முதல்ல இருந்து

நாலு வயசு தாண்டிட்டா குழந்தை பெரிய ஆளாயிடுச்சு, இனிமே கார் பெல்ட்டையே போட்டுவிட்டா போதும்னு நம்ம பக்கம் நிறைய பேர் நினைக்கிறாங்க. பெல்ட்டே போடாம விடறதுக்கு இது எவ்வளவோ மேல்தான், ஆனா அந்த பெல்ட் அந்த குழந்தை உடம்புல எங்க உக்காருதுனு ஒரு தடவை குனிஞ்சு பாத்தீங்கன்னா உங்களுக்கே பயம் வந்துடும். மேல் பட்டை கழுத்தை அறுக்கிற மாதிரி போகும், கீழ் பட்டை இடுப்புல இல்லாம வயித்து மேல ஏறி நிக்கும்.

கார் பெல்ட் பெரியவங்க உடம்புக்கு அளவெடுத்து செஞ்சது. அது தோள்பட்டை எலும்பு, நெஞ்செலும்பு, இடுப்பெலும்புனு கெட்டியான எலும்பு மேலதான் உக்காரணும், ஏன்னா மோதுற வேகத்தை தாங்கக்கூடிய இடம் அதுதான். சின்ன பசங்களுக்கு இடுப்பெலும்பு இன்னும் முழுசா வளந்திருக்காது, பெல்ட்டை பிடிச்சு நிறுத்துற அளவுக்கு முனை இருக்காது, அதனால திடீர் பிரேக்ல பெல்ட் வழுக்கி வயித்துக்குள்ள அமுங்கிடும். குடல் கிழியறது, முதுகெலும்பு அடிபடறது எல்லாம் இப்படித்தான் நடக்குது, டாக்டருங்க இதுக்கு சீட் பெல்ட் சிண்ட்ரோம்னே பேர் வெச்சிருக்காங்க. பூஸ்டர் சீட் செய்யற வேலை ஒன்னே ஒன்னுதான், குழந்தையை தூக்கி உக்கார வெச்சு பெரியவங்க பெல்ட்டை சரியான எலும்பு மேல கொண்டாந்து நிறுத்தும். அதுக்குன்னு தனியா வார் எதுவும் கிடையாது, கார் பெல்ட்தான் குழந்தையை பிடிக்குது.

முதல்ல: உங்க குழந்தை இப்ப எந்த கட்டத்துல இருக்குனு பாருங்க

வயசை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, உயரமும் எடையும்தான் முக்கியம். சுவத்துல நிக்க வெச்சு தலைக்கு மேல ஒரு ஸ்கேலை வெச்சு பென்சில்ல கோடு போட்டு டேப்ல அளந்துடுங்க, எடையை அடுத்த தடவை கிளினிக் போறப்ப பாத்துக்கலாம்.

கைக்குழந்தைக்கு பின்பக்கம் பாத்த மாதிரி வைக்கிற சீட், அப்புறம் அஞ்சு வார் ஹார்னஸ் வெச்சு முன்பக்கம் பாத்த சீட், அதுக்கப்புறம்தான் பூஸ்டர், கடைசியா வெறும் பெல்ட். இந்த வரிசையில அவசரப்பட்டு தாவ வேணாம், ஹார்னஸ் சீட் இருந்தா அதுல எழுதியிருக்கிற எடை வரவரைக்கும் அதுலயே வெச்சிருங்க. பல சீட்ல அது 18 கிலோ, சிலதுல இன்னும் அதிகம். குழந்தையோட தோள் மேல் வாரோட கடைசி ஓட்டையை தாண்டிட்டாலும் அந்த சீட் சின்னதாயிடுச்சுனு அர்த்தம்.

பூஸ்டர் பாக்ஸ்ல 15 கிலோல இருந்துனு போட்டிருப்பாங்க. என் கருத்து, 4 வயசாவது முடிஞ்சு, 18 கிலோ பக்கத்துல வந்து, வண்டி ஓடற நேரம் முழுக்க நேரா உக்கார தெரிஞ்ச குழந்தைக்குத்தான் பூஸ்டர். மூணாவது விஷயத்தை யாரும் பேசறதில்ல ஆனா அதுதான் ரொம்ப முக்கியம், ஏன்னா ஹார்னஸ் குழந்தையை கட்டி வைக்கும், பூஸ்டர் கட்டி வைக்காது, குழந்தை பெல்ட்டுக்குள்ள இருந்து நழுவி முன்னாடி வந்து கியர் பாக்ஸ் மேல நிக்கிற வயசுல அது பிரயோஜனப்படாது.

முடியற கட்டம் 145ல இருந்து 150 சென்டிமீட்டர் உயரம். நம்ம பசங்க பல பேர் பத்து, பதினொரு வயசுலதான் 140 பக்கமே வருவாங்க. அதனால அஞ்சாவது படிக்கிற பையனுக்கும் பூஸ்டர் வேணும்னு சொன்னா யாரும் சிரிக்க வேண்டியதில்ல.

அடுத்து: உங்க காரோட பின்சீட்டை பாருங்க

கடைக்கு போறதுக்கு முன்னாடி இதை செய்யுங்க. பூஸ்டருக்கு தோளுக்கும் இடுப்புக்கும் சேத்து வர்ற மூணு முனை பெல்ட் கண்டிப்பா வேணும். பழைய கார் பலதுல பின்சீட் நடுவுல இடுப்புக்கு மட்டும் ஒரு பட்டை இருக்கும், அதுல பூஸ்டர் போடவே கூடாது, மேல் உடம்பு அப்படியே முன்னாடி மடிஞ்சு தலை போய் இடிக்கும்.

நம்ம ஊர்ல இன்னொரு தொல்லை சீட் கவர். புது கார் எடுத்த உடனே ரெக்சின் கவர் போட்டுடறோம், போடற ஆளு பின்சீட் பக்கிளை கவருக்கு அடியில தள்ளி தச்சுட்டு போயிடுவாரு, வருஷக்கணக்கா அது உள்ளயே கிடக்கும். கையை விட்டு தேடி வெளிய எடுங்க, வரலைன்னா கவர் போட்ட கடையிலயே குடுத்து அந்த இடத்தை வெட்டி விட சொல்லுங்க. பெல்ட்டை முழுசா வெளிய இழுத்து பிஞ்சிருக்கா, எலி கடிச்சிருக்கானு பாருங்க, படக்குனு வேகமா இழுத்தா லாக் ஆகணும், ஆகலைன்னா மெக்கானிக் கிட்ட காட்டாம குழந்தையை உக்கார வைக்காதீங்க.

முன்சீட்ல பூஸ்டர் வைக்கலாமானு கேக்கிறாங்க. வேணாம். ஏர்பேக் கண் இமைக்கிறதுக்குள்ள வெடிச்சு விரியற பை, அது பெரியவங்க நெஞ்சு உயரத்துக்கு கணக்கு பண்ணது, குழந்தைக்கு அது முகத்துலயும் கழுத்துலயும் அடிக்கும். 12 வயசு முடியறவரைக்கும் பின்சீட்தான்.

வாங்கறப்ப

ரெண்டு வகை இருக்கு, முதுகு வெச்சது, வெறும் அடிப்பலகை மாதிரி இருக்கிறது. என்னைக் கேட்டா முதுகு வெச்சதையே வாங்குங்க, காசு கூடுதல்தான், ஆனா நம்ம பயணத்துக்கு அதுதான் பொருந்தும். சென்னை பெங்களூர் ஹைவேல ஆம்பூர், வாணியம்பாடி தாண்டறதுக்குள்ள பசங்க தூங்கிடுவாங்க, தூங்குற குழந்தை பக்கவாட்டுல சாஞ்சு தோள் பட்டைக்கு, அதாவது பெல்ட்டோட மேல் பட்டைக்கு, வெளிய வந்துடும், முதுகு வெச்ச சீட்ல ரெண்டு பக்கமும் இருக்கிற இறக்கை தலையை உள்ளயே பிடிச்சு வெச்சிருக்கும், பக்கத்துல இருந்து ஒரு வண்டி இடிச்சாலும் தலைக்கு ஒரு தடுப்பு இருக்கும். ஏலகிரி மலை ஏறறப்ப 14 கொண்டை ஊசி வளைவுலயும் உடம்பு இந்த பக்கம் அந்த பக்கம் சாயும் பாருங்க, அங்கயும் இந்த இறக்கை உதவும்.

முதுகு இல்லாததை 22 கிலோவுக்கு மேல, இல்ல 125 சென்டிமீட்டர் தாண்டின பசங்களுக்கு வெச்சுக்கலாம். அதுவும் கார் சீட்ல ஹெட்ரெஸ்ட் இருக்கணும், குழந்தை பூஸ்டர் மேல உக்காந்தா காது ஹெட்ரெஸ்ட் உச்சிக்கு மேல போகக்கூடாது.

லேபிளை தேடி படிங்க. நம்ம நாட்டு தரம் ஏஐஎஸ் 072, வெளிநாட்டு தரம்னா ஆர் 44 இல்ல புதுசா வந்த ஆர் 129, இதுல ஏதாவது ஒன்னு ஒட்டியிருக்கணும். ஆன்லைன்ல கம்மி விலைக்கு துணியில தச்ச கார் சீட், பெல்ட்டை கீழ இழுத்து பிடிக்கிற முக்கோண கிளிப் எல்லாம் வருது, அதையெல்லாம் தொடாதீங்க. கிளிப் தோள் பட்டையை கழுத்துல இருந்து நகத்தும்தான், ஆனா அதே இழுப்புல கீழ் பட்டையை வயித்து மேல ஏத்திடும்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கறதா இருந்தா நல்லா தெரிஞ்சவங்க கிட்ட மட்டும் வாங்குங்க, ஏதாவது ஆக்சிடன்ட்ல இருந்ததானு நேரா கேளுங்க. வெளிய தெரியாத விரிசல் உள்ள இருக்கும். அடியில பிளாஸ்டிக்ல தயாரிச்ச தேதி அச்சா இருக்கும், பல கம்பெனிங்க 6ல இருந்து 10 வருஷம்னு ஆயுசு சொல்றாங்க, நம்ம வேலூர் வெயில்ல கண்ணாடி ஏத்தின காருக்குள்ள வருஷம் பூரா கிடக்கிற பிளாஸ்டிக்னா நான் அந்த கணக்குல கடைசி வரைக்கும் இழுக்க மாட்டேன்.

மாட்டற முறை, இதை நிதானமா படிங்க

பூஸ்டரை கார் சீட்டோட முதுகுல நல்லா ஒட்டி வைங்க, நடுவுல இடைவெளி இருக்கக்கூடாது. கார் ஹெட்ரெஸ்ட் இடிச்சுதுன்னா அதை மேல தூக்குங்க, இல்ல சீட் புக் அனுமதிச்சா கழட்டுங்க. ஐசோஃபிக்ஸ் கொக்கி, அதாவது பூஸ்டரை கார் சீட்ல இருக்கிற இரும்பு வளையத்தோட நேரா பூட்டற கொக்கி, இருந்தா ரெண்டும் டக்குனு மாட்டணும், இல்லைன்னாலும் பரவால்ல, பெல்ட்டே போதும். ஆடாம இருக்கட்டும்னு அடியில தலையணை, மடிச்ச போர்வை எதையும் திணிக்காதீங்க, இடிக்கிறப்ப அது நசுங்கி பெல்ட் தளந்துடும்.

குழந்தையை உக்கார வெச்சு முதுகும் இடுப்பும் பின்னாடி ஒட்டற மாதிரி தள்ளி உக்கார சொல்லுங்க. பெல்ட்டை முறுக்கு இல்லாம இழுங்க. கீழ் பட்டை பூஸ்டரோட ரெண்டு பக்க கைப்பிடிக்கும் அடியில போகணும், பலபேர் கைப்பிடிக்கு மேல விட்டுடறாங்க, அப்ப அது திரும்பவும் வயித்துக்கே வந்துடும். தோள் பட்டை பக்கிள் பக்கத்துல கைப்பிடிக்கு அடியிலயும், மேல தலை பக்கத்துல இருக்கிற வழிகாட்டி கொக்கிக்குள்ளயும் போகணும். அது பெரும்பாலும் சிவப்பு கலர்ல இருக்கும். தலைப்பகுதியை ஏத்தி இறக்கி அந்த கொக்கி தோளுக்கு கொஞ்சம் மேல வர்ற மாதிரி வைங்க.

பக்கிள் போட்டதும் கையால தடவி பாருங்க. கீழ் பட்டை தொடை மேல, இடுப்பெலும்பை தொட்டுகினு இருக்கணும். மேல் பட்டை கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவுல, நெஞ்சு நடுவுல போகணும். கடைசியா தோள் பட்டையை மேல இழுத்து தொளதொளப்பை எடுத்துடுங்க. பூஸ்டர் கைப்பிடி பக்கிள் மேல ஏறி நின்னா பக்கிள் பாதி மாட்டின மாதிரி இருக்கும், அப்ப பூஸ்டரை ஒரு இஞ்ச் நகத்தி வைங்க, அப்பவும் முடியலைன்னா அந்த மாடல் உங்க காருக்கு ஆகாது, திருப்பி குடுத்துடுங்க.

கழுத்துல உறுத்துதுனு சொல்லி பட்டையை அக்குளுக்கு அடியில விடற பழக்கமும், முதுகுக்கு பின்னாடி போடற பழக்கமும் ரொம்ப ஆபத்து. விலா எலும்பு உடைஞ்சு உள்ள குத்தும்.

ஓட்டறப்ப

மடியில வெச்சுக்கிறேன் குடு, நாங்கல்லாம் அப்படித்தான் உங்களை கொண்டாந்தோம்னு ஆயாவும் தாத்தாவும் சொல்வாங்க, பாசத்துலதான் சொல்றாங்க. அவங்க கிட்ட சண்டை போடாம இந்த கணக்கை சொல்லுங்க. 50 கிலோமீட்டர் வேகத்துல போற கார் எதுலயாவது மோதி ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு நேரத்துல நிக்குதுன்னா, 20 கிலோ குழந்தை கிட்டத்தட்ட 280 கிலோ இழுக்கிற மாதிரி முன்னாடி பாயும், அதாவது 25 கிலோ ஆரணி அரிசி சிப்பம் பதினொன்னை ஒரே நேரத்துல கையில தாங்கணும். யாராலயும் முடியாது. 50 ஒன்னும் ஹைவே வேகம் இல்ல, காட்பாடியில இருந்து பாகாயம் போறப்ப ரோடு காலியா இருந்தா வர்ற வேகம்தான்.

சித்திரை வைகாசில வெயில்ல நின்ன கார் பக்கிள் இரும்பு சுட்டுடும். நிறுத்திட்டு போறப்ப பூஸ்டர் மேல ஒரு வெள்ளை துண்டை போட்டு வைங்க, குழந்தையை உக்கார வைக்கிறதுக்கு முன்னாடி உங்க புறங்கையால தொட்டு பாருங்க.

தூங்கி எழுந்ததும் ஒரு தடவை பெல்ட் எங்க இருக்குனு பாருங்க, டோல்ல வண்டி நிக்கிறப்ப திரும்பி பாத்தா போதும். குழந்தையே பக்கிள் போட பழகட்டும், பெருமையா செய்வாங்க, ஆனா நீங்க கையால இழுத்து பாத்த பிறகுதான் வண்டி நகரணும். குழந்தை இல்லாம போறப்பவும் காலி பூஸ்டரை பெல்ட் போட்டே வைங்க, இல்லைன்னா பிரேக் அடிச்சா பறந்து வந்து ஓட்டறவர் மண்டையில அடிக்கும்.

ஆட்டோலயும் பைக்லயும் பூஸ்டர் வேலைக்கு ஆகாது, அங்க பெல்ட்டே இல்ல. பைக்குக்கு தனி விதி இருக்கு, 2023 பிப்ரவரில இருந்து 9 மாசத்துல இருந்து 4 வயசு வரைக்கும் உள்ள குழந்தைக்கு ஹெல்மெட், ஓட்டறவரோட சேத்து கட்டற ஹார்னஸ், 4 வயசுக்குள்ள குழந்தை இருந்தா 40 கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாது.

கார் சட்டத்தையும் சொல்லிடறேன். 2019ல திருத்தின மோட்டார் வாகன சட்டத்துல 194பி பிரிவு, 14 வயசுக்குள்ள குழந்தை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாம இருந்தா 1000 ரூபாய் அபராதம். வெறும் பெல்ட் போட்டாலே சட்டம் ஒத்துக்குது, அதுக்காக அஞ்சு வயசு குழந்தைக்கு வெறும் பெல்ட் போதும்னு நினைச்சுடாதீங்க, போலீஸ்காரர் பாக்கிறது பெல்ட் இருக்கானுதான், அது எந்த எலும்பு மேல இருக்குனு நீங்கதான் பாக்கணும்.

எப்போ நிறுத்தலாம்

பூஸ்டரை எடுத்துட்டு வெறும் சீட்ல உக்கார வெச்சு பாருங்க. முதுகு பின்னாடி ஒட்டியிருக்கறப்பவே முட்டி சீட் விளிம்புல மடங்கி தொங்கணும், மடங்கலைன்னா பசங்க கால் வலிக்குதுனு வழுக்கி கீழ இறங்கிடுவாங்க, பெல்ட் வயித்துக்கு ஏறிடும். கீழ் பட்டை இடுப்பெலும்புல, மேல் பட்டை தோள் நடுவுல. இப்படியே ஊருக்கு போய் சேர்றவரைக்கும் உக்காருவாங்களா? இதுல ஒன்னு இல்லைன்னாலும் பூஸ்டர் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

இந்த டெஸ்டை ஒவ்வொரு கார்லயும் தனியா பண்ணுங்க, சீட் ஆழமும் பெல்ட் வர்ற இடமும் காருக்கு கார் மாறும். நம்ம ஸ்விஃப்ட்ல சரியா உக்கார்ற பொண்ணுக்கு மாமா எர்டிகால, அதுவும் மூணாவது வரிசையில சரியா வராம போகலாம், கல்யாணத்துக்கு குடியாத்தம் போறப்ப அவங்க கார்ல ஏத்தினீங்கன்னா பூஸ்டரையும் கூடவே தூக்கி குடுத்துடுங்க.

வளந்து முடிச்ச பிறகு நல்லா இருக்கிற பூஸ்டரை தெரிஞ்சவங்களுக்கு குடுங்க, கூடவே அந்த கையேட்டையும் குடுங்க. பெரிய மோதல்ல இருந்த சீட்டா இருந்தா யாருக்கும் குடுக்காதீங்க, கவரை கிழிச்சு, பிளாஸ்டிக் மேல மார்க்கர்ல உபயோகிக்க கூடாதுனு பெருசா எழுதிட்டு குப்பை வண்டியில போடுங்க, பழைய சாமான்காரர் கிட்ட போனா அது திரும்ப யாரோ ஒரு குழந்தைக்கு வந்துடும்.