ஈர்க்கு நுனியால் குருட்டுப் பொட்டை வரைவது

ஏ.எல். உயிரியல் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் குருட்டுப் பொட்டை (கண்ணில் ஒளியை உணராத இடம்), பாடசாலை ஆய்வுகூடத்திலேயே அளவோடு வரைந்தெடுக்கலாம். தேவை ஒரு ஏ3 தாள், டேப், தென்னை ஈர்க்கு.

ஈர்க்குக்கு வெள்ளைத் தாள் சுற்றி, நுனியில் மட்டும் 3 மி.மீ. கறுப்பு மை பூசுங்கள். பேனையால் செய்தால் நுனி மறைந்த பிறகும் தண்டு தெரியும். சோதிக்கப்படும் ஆள் அதைப் பார்த்தே விடை சொல்லிவிடுவார்.

தாளைக் கிடையாகச் சுவரில் ஒட்டி, இடது ஓரத்திலிருந்து 10 செ.மீ. தள்ளிச் சிறு சிலுவை போடுங்கள். காற்றாடிக் காற்றில் தாள் பொங்கும். கொழும்பு வெக்கையில் அதை நிறுத்தவும் மனம் வராது, ஆகவே பிறிஸ்டல் போட்டில் ஒட்டிவிடுங்கள். வலக் கண் சிலுவைக்கு நேரே, 57 செ.மீ. தூரத்தில் இருக்கட்டும். அப்போது தாளில் 1 செ.மீ. ஏறத்தாழ 1 பாகை. நாடியைப் புத்தக அடுக்கில் ஊன்றுங்கள்: தலை 50 செ.மீ.க்குச் சாய்ந்தாலே 5.5 செ.மீ. வரவேண்டிய பொட்டின் அகலம் 4.8 ஆகிவிடும். இடக் கண்ணை அட்டையால் மறையுங்கள். கையால் அழுத்திப் பொத்தினால் அந்தக் கண்ணின் முறை வரும்போது பார்வை மங்கும்.

சிலுவைக்கு வலப்புறம் 15 செ.மீ., சற்றுக் கீழே, நுனி காணாமற்போகும். அங்கிருந்து எட்டுத் திசைக்கும் செக்கனுக்கு 1 செ.மீ. வீதம் நகர்த்தி, “தெரியுது” என்றதும் பென்சிலால் குறியுங்கள். பிறகு வெளியிலிருந்து உள்ளே. இரண்டு குறியும் ஒன்றாது. வாய் திறக்க அரைச் செக்கன் போனால் நுனி 5 மி.மீ. தாண்டியிருக்கும். நடுவை எடுங்கள்.

அதிகம் கெடுப்பது கண் அலைவதுதான். “சிலுவையைத்தான் பாக்கிறியா?” என்று கேட்டால் எல்லாரும் “ஓம்” என்பார்கள். கேட்காமல், இடையிடையே நுனியைப் பொட்டின் நடுவில் வையுங்கள். “தெரியுது” என்றால் கண் விலகிவிட்டது. அந்தத் திசையைத் திரும்ப எடுங்கள். பார்வைப்புலம் அளக்கும் கருவிகளிலும் இதே உத்தி உண்டு.

அசையாமல் முறைத்தாலும் தவறுதான். ஓரத்தில் இருப்பவை தாமாகவே மங்கிப்போகும் (சுவிஸ் மருத்துவர் ட்ரொக்ஸ்லர் 1804இல் எழுதியது), பொட்டும் பெருத்துவிடும். ஒவ்வொரு திசைக்குப் பிறகும் கண் சிமிட்டிப் பத்துச் செக்கன் ஆறட்டும்.

மேலும் கீழும் முனைகள் துருத்திக்கொண்டு வந்தால் அழித்துச் சீராக்காதீர்கள். அவை இரத்தக்குழாய்களின் நிழலாக இருக்கலாம்.

அகலம் 55 மி.மீ. என்றால் 55 × 17 ÷ 570, அதாவது 1.6 மி.மீ.: விழித்திரையில் பார்வை நரம்பு வெளியேறும் வட்டின் அகலம். 570 கண்ணிலிருந்து தாளுக்குள்ள தூரம்; 17 என்பது கண்ணின் கணுப்புள்ளியிலிருந்து (ஒளிக்கதிர் திசை மாறாமல் கடப்பதாகக் கொள்ளும் புள்ளி) விழித்திரைக்குள்ள தூரம், இரண்டும் மில்லிமீற்றரில்.