அரபு மொழி வரலாறு பேசும்போது பண்ணக்கூடாத தப்புகள்

அரபு மொழி எங்க பொறந்துச்சு எப்படி பரவுச்சுன்னு யூடியூப்லயும் வாட்ஸ்அப்லயும் நிறைய ஓடிட்டு இருக்கு, அதுல முக்காவாசி ஒரே இடத்துல தான் சறுக்குது. மதம் பரவுன கதையையும் மொழி பரவுன கதையையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிடுறாங்க. ரெண்டும் சில ஊர்ல சேர்ந்து போச்சு, சில ஊர்ல பிரிஞ்சு போச்சு. பிரிஞ்ச இடத்தை கவனிக்கலேன்னா மொத்த வரலாறும் தப்பாயிடும்.

முதல்ல, இஸ்லாம் வந்த 7ம் நூற்றாண்டுல இருந்து கதைய ஆரம்பிக்காதீங்க. கி.மு. 853ல நடந்த கர்கார் போர் பத்தி அசிரிய அரசன் மூன்றாம் ஷல்மனேசர் செதுக்கி வச்ச கல்லுல, ஆயிரம் ஒட்டகத்தோட வந்த கிந்திபுன்னு ஒரு அரபுத் தலைவன் பேரு இருக்கு. அப்புறம் சிரியாவோட தெக்குப் பக்கமும் ஜோர்டானோட வடகிழக்குலயும் இருக்குற கருங்கல் பாலைவனத்துல, ஆடு ஒட்டகம் மேய்ச்சவங்க பாறையில கிறுக்கிட்டுப் போனது பல்லாயிரக்கணக்குல கிடைச்சிருக்கு, சஃபாயிட்டிக்னு சொல்றாங்க, அரபோட ரொம்பப் பழைய வடிவத்தை ஆராயுறவங்க இப்போ அங்க தான் தேடுறாங்க. கி.பி. 328ல நமாரா கல்வெட்டு, இம்ருல் கைஸ்ங்கிற ராஜாவோட சமாதிக் கல்லு, மொழி அரபு ஆனா எழுத்து நபாத்தியன், அதாவது ஜோர்டான்ல பெட்ரா நகரத்தை ஆண்ட நபாத்தியர்களோட எழுத்து. 512ல அலெப்போ பக்கத்துல ஸபத்ங்கிற ஊர்ல ஒரு சர்ச்சு வாசலுக்கு மேல இருந்த கல்லுல கிரேக்கம், சிரியாக் (அந்தப் பக்கத்து கிறிஸ்தவங்களோட அராமிக் மொழி), அரபுன்னு மூணுலயும் எழுதியிருக்கு. முகம்மது நபிக்கு வஹீ (இறைச்செய்தி) வந்தது 610 வாக்குல, அதுக்கு கிட்டத்தட்ட நூறு வருஷம் முன்னாடியே சர்ச்சு வாசல்ல அரபு எழுத்து இருந்திருக்கு. அதனால அரபுன்னாலே முஸ்லிம் மொழின்னு எழுதுறதும் தப்பு, லெபனான் சிரியா எகிப்துல இருக்குற பெரும்பாலான கிறிஸ்தவங்க இன்னைக்கும் வீட்டுல பேசுறது அரபு தான்.

அடுத்தது ஏமன்ல தான் அரபு பொறந்துச்சுங்கிறது. பழைய ஏமன்ல, மாரிப் அணை கட்டின சபா நாட்டுல பேசுனது சபாயிக், அது அரபோட சொந்தக்கார மொழி, அவ்ளோ தான். அவங்க எழுத்தும் வேற, அந்தக் குடும்பத்து எழுத்து தான் எத்தியோப்பியாவுக்குப் போச்சு. இன்னைக்கு நாம பாக்குற அரபு எழுத்து வடக்குல இருந்து, நபாத்தியன் அராமிக் எழுத்துல இருந்து வந்தது. ஓமான்ல சலாலா பக்கம் வேலை பாக்குற நம்மாளுங்க மலைக்காரங்க பேசுற ஜிப்பாலிய கேட்டிருப்பாங்க, அதையும் அரபுல ஒரு ஸ்லாங்னு நினைச்சுடாதீங்க, அது தனி மொழி.

எனக்கு ரொம்ப வருத்தமான தப்பு எதுன்னா, படை போச்சு அதோட மொழியும் மாறிடுச்சுன்னு ஒரே வரியில முடிக்கிறது. வியன்னாவுல ஒரு பாப்பிரஸ் (நாணல்ல செஞ்ச பழைய காகிதம்) இருக்கு, 643ல எகிப்துல எழுதுனது. அரபுப் படைக்கு ஆடு குடுத்ததுக்கு ஒரு ரசீது, மொத்தம் 65 ஆடு, மேல கிரேக்கத்துல கீழ அரபுல. படைக்காரங்களே உள்ளூர் ஆளுங்களுக்குப் புரியணும்னு கிரேக்கத்துல எழுதித் தந்திருக்காங்க. இன்னொண்ணு, அந்த அரபு வரிகள்ல சில எழுத்துக்கு மேல புள்ளி இருக்கு, புள்ளியெல்லாம் ரொம்பப் பின்னாடி கண்டுபிடிச்சதுன்னு சொல்றவங்க இத ஒரு தடவை பாக்கணும். கலீஃபா அப்துல் மலிக் (685–705) காலம் வரைக்கும் டமாஸ்கஸ்ல வரிக்கணக்கு கிரேக்கத்துல, ஈராக்ல பாரசீகத்துல தான் ஓடுச்சு. அவர் தான் கணக்கை அரபுக்கு மாத்தினாரு, 696, 697 வாக்குல படமே இல்லாம வெறும் எழுத்து மட்டும் வச்ச தினார் அடிச்சாரு. அதுக்கப்புறம் சர்க்கார் உத்தியோகம் வேணும்னா அரபு தெரியணும், மொழி பரவ அது பெரிய காரணம். அப்பவும் எகிப்து கிராமங்கள்ல அந்த நாட்டோட பழைய மொழியான காப்டிக் பல நூற்றாண்டு நின்னுச்சு, 10ம் நூற்றாண்டுல தான் காப்டிக் பாதிரிமாரே அரபுல எழுத ஆரம்பிக்கிறாங்க. மக்ரிப்ல, அதாவது மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா பக்கம், 11ம் நூற்றாண்டுல பனூ ஹிலால் கோத்திரங்க குடும்பம் குடும்பமா வந்து இறங்கின பிறகு தான் கிராமப்புறத்துல அரபு நல்லாப் பரவுச்சு, ஆனாலும் அங்க இருந்த பெர்பர் மக்களோட தமசிக்த் மொழி சாகல, மொராக்கோ 2011ல அதுக்கு ஆட்சிமொழி அந்தஸ்து குடுத்துச்சு.

ஈரானை விட்டுட்டு பேசாதீங்க. அங்க மதம் மாறுச்சு, எழுத்து மாறுச்சு, ஏகப்பட்ட அரபுச் சொல்லு வந்து சேர்ந்துச்சு, மொழி மட்டும் பாரசீகமாவே நின்னுச்சு. அதே நேரம் அரபு இலக்கணத்துக்கே அஸ்திவாரம் போட்ட சீபவைஹி ஒரு பாரசீகக்காரர், 8ம் நூற்றாண்டுல பஸ்ராவுல இருந்தவர். மால்டாவுல நேர் எதிர், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், எழுதுறது லத்தீன் எழுத்துல, ஆனா பேசுற மால்டீஸ் சிசிலி அரபுல இருந்து கிளம்பின மொழி.

கடைசியா நம்ம ஊர் பக்கம் நடக்குற தப்பு. எழுத்தைப் பாத்து மொழிய முடிவு பண்றது. உருது போர்டை அரபுன்னு சொல்றோம், காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கைன்னு பல வீட்டுல இருக்குற அரபுத்தமிழ் கிதாபையும் அரபுன்னே நினைக்கிறோம். அது தமிழ், ட, ழ மாதிரி அரபுல இல்லாத ஒலிக்கு எழுத்துல மாத்தம் பண்ணி அரபு லிபியில எழுதுனது. அதே மாதிரி வக்கீல், வசூல், பாக்கி, கைதி எல்லாம் அரபு வணிகர்கள் கப்பல்ல கொண்டு வந்ததுன்னு ஷேர் பண்றாங்க, வேர் அரபு தான், ஆனா பெரும்பாலும் வந்த வழி பாரசீகம், உருது பேசுன நிர்வாகம், ஆற்காடு நவாப் காலத்து வரிக்கணக்கும் கோர்ட்டு வேலையும். கப்பல்ல வந்தவங்களோட நேரடித் தடத்தை இந்த மாதிரி வரி, கோர்ட்டுச் சொல்லுல தேடாதீங்க, கடற்கரை முஸ்லிம் ஊருங்க பேச்சுலயும் அந்த அரபுத்தமிழ் கிதாபுங்கள்லயும் தேடுங்க.