வண்டிக்கு சேசிஸ் நம்பர் மாதிரி பாட்டுக்கும் ஒரு நம்பர் இருக்குங்க, அதுல இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

கேரளா எல்லையில இருக்கற கொழிஞ்சாம்பாறை பக்கம் நம்ம ஆளுங்க நெறைய பேரு இப்ப சொந்தமா பாட்டு போடறாங்க. மாரியம்மன் நோம்பி நெருங்கினா போதும், வேலந்தாவளம் தாண்டி கோயமுத்தூர் போய் ஒரு நாளைக்கு ஸ்டூடியோ எடுத்து நாதஸ்வரம், தவில், உடுக்கைன்னு வாசிச்சு அடுத்த வாரமே ஸ்பாட்டிஃபை, யூட்யூப்னு ஏத்திடறாங்க. அதுக்கப்பறம் வாசிச்சவங்க பேரும் வரல காசும் வரலன்னு சொல்றப்ப உக்காந்து பாத்தா, பாதி பிரச்சனை கோட்ல தான் இருக்கு.

ஐ.எஸ்.ஆர்.சி.ன்னு ஒரு கோட், ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் குடுக்கற அடையாள நம்பர். எழுத்தும் நம்பருமா மொத்தம் 12 எடம். முதல் அஞ்சு யார் குடுத்த கோடுன்னு காட்டும், நம்ம ஊர்ல எடுத்தா பெரும்பாலும் ஐ.என்.ல ஆரம்பிக்கும், அப்பறம் வருஷத்துக்கு ரெண்டு நம்பர், கடைசி அஞ்சு அந்த ரெக்கார்டிங்கோட வரிசை நம்பர். அந்த வருஷம் கோட் குடுத்த வருஷம், பாடின வருஷம் இல்ல, நெறைய பேரு இத குழப்பிக்கறாங்க. பாட்டு ஓடினதுக்கு வர்ற காசு கணக்கு, அதான் ராயல்டி ஸ்டேட்மென்ட், அத எக்செல்ல தெறந்து பாருங்க, ஒவ்வொரு வரிலயும் இந்த கோட் இருக்கும், எந்த பாட்டுக்கு எத்தன ப்ளே எவ்ளோ காசுன்னு அத வெச்சுதான் கணக்கு சேருது.

நான் பண்ண தப்ப சொல்றேன். முதல்ல ஏத்தி விட்ட கம்பெனி சரியில்லன்னு வேற கம்பெனிக்கு மாத்துனேன். அப்லோட் பண்றப்ப "கோட் ஏற்கனவே இருக்கா"ன்னு ஒரு கட்டம் வந்துச்சு, அவசரத்துல அத காலியா விட்டுட்டேன், அவங்களே புதுசா ஒண்ணு போட்டுட்டாங்க. அவ்ளோதான், ரெண்டு வருஷமா சேந்த ப்ளே கவுண்ட் போய் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிச்சுது, ஒரே பாட்டுக்கு ரெண்டு கோட்ல ரெண்டு ஸ்டேட்மென்ட், யாருக்கு எவ்ளோ பங்குன்னு எங்க குழுவுக்குள்ளயே குழப்பம். டி.என் வண்டிய கே.எல் ஆக்கினா நம்பர் ப்ளேட் மாறும், சேசிஸ் நம்பர் மாறுமா? அது மாதிரிதாங்க இதுவும். கம்பெனி மாத்தினாலும் சரி, பாட்டையே வேற ஆளுக்கு வித்தாலும் சரி, அதே ரெக்கார்டிங்னா அதே கோட் தான். பழைய கம்பெனி கணக்க மூடறதுக்கு முன்னாடி கோட் எல்லாம் எழுதி வெச்சுக்கோங்க.

இதுக்கு நேர் எதிரான தப்பும் நடக்குது. தமிழ்ல பாடினத மலையாளத்துலயும் பாடி அதே கோட்ல ஏத்திடறாங்க. மலையாளத்துல பாடினது வேற ரெக்கார்டிங், அதுக்கு வேற கோட். கரோக்கி ட்ராக், ரீமிக்ஸ், கோயில்ல லைவா பாடினது எல்லாத்துக்கும் தனித்தனி. மியூசிக் வீடியோவுக்கும் தனி கோட் எடுக்கணும்.

அடுத்தது ரொம்ப முக்கியம். இந்த கோட் ஒலிக்கு மட்டும்தான், பாட்டு எழுதினவருக்கும் மெட்டு போட்டவருக்கும் இதனால மட்டும் காசு வந்துடாது. அவங்க படைப்புக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி.ன்னு வேற கோட், 'டி'ல ஆரம்பிக்கும். அதுக்கு ஐ.பி.ஆர்.எஸ்.ல மெம்பராகி பாட்ட பதிவு பண்ணணும். பாட்டு எழுதறவங்களுக்கும் மெட்டு போடறவங்களுக்கும் ராயல்டி வாங்கித் தர்ற சங்கம் அது, 1969ல இருந்து இருக்கு. 2012ல சட்டத்த திருத்தினதுக்கு அப்பறம் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டில ஒரு பங்கு உண்டு, அத எழுதி வாங்கிட்டு போக முடியாது. அந்த உரிமை இருந்தும் பதிவு பண்ணாம விட்டா காசு எப்படி தேடி வரும்? அதே மாதிரி கோட் கெடச்சாச்சு, காப்பிரைட் கெடச்சாச்சுன்னும் நினைக்காதீங்க, கோட் அடையாளம் மட்டும்தான்.

நம்ம எல்லைக்காரங்களுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு, பேரு. முருகேசன்னு வெச்சுக்கோங்க. கேரளா ஸ்கூல் சர்டிபிகேட்ல 'கே' போட்டு எழுதி இனிஷியல பின்னாடி வெச்சிருப்பாங்க, கோயமுத்தூர் ஸ்டூடியோக்காரர் 'ஜி' போட்டு இனிஷியல முன்னாடி போடுவாரு. கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு ஆளு. ஐ.பி.ஆர்.எஸ்.ல சேந்தா எழுதறவங்களுக்கு ஐ.பி.ஐ. நம்பர் ஒண்ணு வரும், பேரு எப்படி எழுதினாலும் அந்த நம்பர் ஒரே ஆள காட்டும். பேரோட அதையும் சேத்து குடுங்க.

கோட வாட்ஸப்ல டைப் பண்ணி அனுப்பாதீங்க, காப்பி பண்ணி அனுப்புங்க. எங்க குழுவுல ஒருத்தர் பூஜ்யத்துக்கு பதிலா 'ஓ' அடிச்சுட்டாரு, கடைசி ஏழு எடமும் நம்பர் மட்டும்தான் வரும்னு அப்ப எங்களுக்கு தெரியாது.

இப்ப ரெக்கார்டிங் அன்னைக்கே ஒரு நோட்டு எடுத்துட்டு போறேன். யாரு என்ன வாசிச்சாங்க, பேர எப்படி எழுதறாங்க, யாருக்கு எவ்ளோ பங்குன்னு எழுதி எல்லாரும் கையெழுத்து போடறோம், கோட் வந்ததும் அதே பக்கத்துல எழுதறேன். போன தடவ நாதஸ்வரம் வாசிச்ச மாமா கிட்ட நோட்ட நீட்டினப்ப, "நாப்பது வருஷமா வாசிக்கறேன், இது வரைக்கும் யாரும் எம்பேர எப்படி எழுதறதுன்னு கேட்டதில்ல கண்ணு"ன்னு சொல்லிட்டு, ஒவ்வொரு எழுத்தா பொறுமையா எழுதிக் குடுத்தாரு.