தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியரின் கருத்து முடிவில் இடம்பெற: ஒரு செய்முறை

தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்து எழுதும் அதிகாரம் மருத்துவருக்கு உரியது. நோயாளியின் நிலை மாறுவதை முதலில் காண்பவரோ, பணிநேரம் முழுவதும் கட்டிலருகே நிற்கும் செவிலியர். தமிழக–கேரள எல்லையிலுள்ள வாளையாற்றின் இருபுறமும் உள்ள மருத்துவமனைகளில் பதவி வேறுபாட்டோடு மொழி வேறுபாடும் சேர்ந்துகொள்வதால், கண்டதைச் சொல்வதற்கே இளம் செவிலியர் பலர் தயங்குகின்றனர். இது பயிற்சியால் நீங்கக்கூடிய தயக்கம் என்பது என் உறுதியான எண்ணம்.

டியூட்டி டாக்டரை இரவில் அழைப்பதற்கு முன், கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் மனத்தில் முடிவு செய்யுங்கள். "பி.பி. குறைவாக இருக்கிறது டாக்டர்" என்று நிறுத்திவிட்டால், "சரி சிஸ்டர், பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற பதிலே வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டாக்டர், மூன்றாம் படுக்கை, செப்சிஸ் நோயாளி, எடை 60 கிலோ. நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தும் பி.பி. 82/40, சராசரி அழுத்தம் 54. இரண்டு மணி நேரத்தில் சிறுநீர் மொத்தம் 20 மி.லி. ஷாக் கூடுகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும். அதுவரை நார்அட்ரினலினைக் கூட்டலாமா?" (செப்சிஸ் என்பது தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை, நார்அட்ரினலின் இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து, ஷாக் என்பது உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத நிலை.) சராசரி அழுத்தம் குறைந்தது 65 இருக்க வேண்டும், இந்த எடைக்கு மணிக்கு 30 மி.லி. சிறுநீராவது வர வேண்டும் என்பதை அறிந்த எந்த மருத்துவரும் இந்த எண்களை எளிதில் தள்ளிவிட முடியாது.

மேலே சொன்ன பேச்சு நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு பகுதிகளைக் கொண்டது. இவற்றில் கடைசிப் பகுதியே வாயில் வராது. செவிலியர் தம் பரிந்துரையை மருத்துவரே எண்ணியது போலத் தோன்றும்படி மறைத்துச் சொல்லும் பழக்கத்தை லியோனார்ட் ஸ்டைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1967இலேயே விவரித்தார். அப்பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. சுற்றி வளைப்பது மரியாதை ஆகாது. "நினைக்கிறேன்", "வேண்டும்" என்ற இரு சொற்களையும் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

முதல் முறை பதில் திருப்தியாக இல்லையென்றால் இரண்டாம் முறையும் சொல்லுங்கள்: "டாக்டர், எனக்குக் கவலையாக இருக்கிறது, இப்படியே விடுவது நோயாளிக்குப் பாதுகாப்பில்லை." அதற்கும் அசையவில்லை என்றால், இன்சார்ஜ் சிஸ்டரிடம் தெரிவித்து, மூத்த மருத்துவரை அழைக்கப்போவதாக டியூட்டி டாக்டரிடமே சொல்லிவிட்டு அழையுங்கள், அவருக்குத் தெரியாமல் மேலே போவதுதான் பகையை வளர்க்கும். பதிவேட்டில் நேரம், எண்கள், சொன்னது, கிடைத்த பதில் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள், குற்றச்சாட்டு வேண்டாம். தொலைபேசியில் வரும் மருந்தளவைத் திரும்பப் படித்துக் காட்டுங்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' குழப்பம் எந்த மொழிக்காரருக்கும் வரும் என்பதால், "ஒன்று, ஐந்து" என்று இலக்கங்களைப் பிரித்துச் சொல்லுங்கள்.

தனி ஒருவரின் துணிவை நம்பி ஒரு பிரிவை நடத்த முடியாது. நிர்வாகம் முன்கூட்டியே அதிகாரம் தர வேண்டும். சென்ட்ரல் லைன் (பெரிய இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மருத்துவக் குழாய்) போடும்போது கை கழுவுதல் முதலிய படிகளில் ஒன்று விடுபட்டால், அவசரமில்லாத நேரங்களில் மருத்துவரையே நிறுத்தும் உரிமையை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் திட்டம் செவிலியருக்கு அளித்தது. 2006இல் வெளியான அதன் முடிவுகளின்படி, 1,000 குழாய் நாட்களுக்கு (நோயாளிகளின் உடலில் இக்குழாய் இருந்த நாட்களின் கூட்டுத்தொகை) 2.7 ஆக இருந்த இரத்தத் தொற்றின் இடைநிலை அளவு, மூன்று மாதங்களுக்குள் சுழியத்துக்கு இறங்கியது. இந்த உரிமையைத் துறைத்தலைவரின் கையொப்பத்துடன் எழுத்தில் பெறுங்கள்.

மருத்துவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: ரவுண்ட்ஸில் செவிலியரை முதலில் பேசச் சொல்லுங்கள். தலைமை மருத்துவர் கருத்துச் சொன்ன பிறகு எவரும் மறுத்துப் பேச மாட்டார்.

இறுதிக்கட்ட முடிவுகளில் இது இன்னும் முக்கியம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம், மலையாளத்தில் மருத்துவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, "அக்கா, அப்பா பிழைப்பாரா?" என்று செவிலியரிடமே கேட்கும். ஆகவே குடும்பத்தாருடன் நடக்கும் கூட்டத்தில் செவிலியர் தொடக்கத்திலிருந்தே அமர வேண்டும். பிறகு மொழிபெயர்க்க மட்டும் அழைப்பது போதாது. உயிர்காக்கும் சிகிச்சையை விலக்குவது குறித்த 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற வழிகாட்டுதல், 2023இல் எளிதாக்கப்பட்ட பின்னும், முதல்நிலை மருத்துவக் குழுவில் சிகிச்சையளிக்கும் மருத்துவரையும் குறைந்தது இரு வல்லுநர்களையுமே குறிப்பிடுகிறது. செவிலியருக்கென அதில் இடமில்லை. எனவே நோயாளியின் வலி, அசைவு, குடும்பத்தார் சொன்ன சொற்கள் ஆகியவற்றை நாள்தோறும் எழுதிவைத்து, குழு கூடுமுன் அக்குறிப்பு கோப்பில் சேர்க்கப்பட்டதா என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.